மையித்தைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள்?



உங்கள் மஹல்லாவில் ஒரு மௌத்து நிகழ்ந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வருகிறது. கபுறு வெட்ட ஆள் போகிறது. ஒருவர் கிராம உத்தியோகத்தரைத் தேடிப் போகிறார். இன்னொருவர் கபன் புடவை வாங்கக் கடைக்குப் போகிறார். பள்ளியிலிருந்து சந்தூக்கும் குளிப்பாட்டும் கட்டிலும் வந்து சேருகின்றன. அயல் வீட்டார் சோறு சமைத்து அனுப்புகிறார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

மௌத்தானவர் ஒரு பெண். அப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது: குளிப்பாட்ட யாருக்குச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு உங்கள் ஊரில் எத்தனை பேருடைய பெயரைச் சொல்ல முடியும்? கண்டி நகரில் கட்டுக்கலையாக இருக்கட்டும், மஹய்யாவயாக இருக்கட்டும், வெளியே அக்குறணை, மடவளை, உடத்தலவின்ன, கெலிஓயா, கம்பளை, தெல்தோட்டையாக இருக்கட்டும், உங்கள் தெருவை நினைத்து ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு பெயர் உடனே வரும். இரண்டாவது பெயருக்குச் சற்று யோசிப்பீர்கள். மூன்றாவது பெயர் வந்தால் அல்ஹம்துலில்லாஹ், உங்கள் ஊர் கொடுத்து வைத்த ஊர்!

முதலாவதாக வந்த அந்தப் பெயருக்குரியவருக்கு என்ன வயதிருக்கும்? அவருக்கு முழங்கால் வலி இருக்கிறதா? மலைச்சரிவில் இருக்கும் வீட்டுக்கு ஐம்பது அறுபது படிகளை அவரால் இன்னும் ஏற முடிகிறதா? அவர் தம் மகளுக்கோ மருமகளுக்கோ இதனைக் கற்றுக் கொடுத்திருக்கிறாரா? அவரே மௌத்தாகும் நாளில் அவரைக் குளிப்பாட்டுவது யார்?

எல்லார் மீதும் உள்ள கடமை

மையித்தைக் குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், தொழுவிப்பதும், அடக்குவதும் பர்ழு கிபாயா என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். சிலர் செய்தால் மற்றவர்கள் மீதிருந்து அந்தக் கடமை நீங்கி விடும். ஒருவருமே செய்யாவிட்டால் அறிந்திருந்த அனைவரும் குற்றவாளிகள். நாமோ "சிலர் செய்தால் போதும்" என்ற பாதியை மட்டும் பிடித்துக் கொண்டு, அந்தச் சிலரை உருவாக்கும் பொறுப்பை மறந்து விட்டோம்.

பெண் மையித்தைப் பொறுத்தவரையில் இந்தக் கடமை முதலில் பெண்களிடம்தான் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் கணவன் மனைவியைக் குளிப்பாட்டலாம். எனினும் முதல் உரிமை நெருங்கிய உறவுப் பெண்களுக்கே. ஆகவே உம்மா மௌத்தானால் அவரைக் குளிப்பாட்டும் உரிமை மகளுக்கு இருக்கிறது. அந்த உரிமையை அறியாமல் மகள் அறைக்கு வெளியே நின்று அழுது கொண்டிருக்க, முன்பின் பழகாத ஒருவர் உள்ளே குளிப்பாட்டுகிறார். இது நமது வீடுகளில் வழமையாகி விட்டது.

ஸஹாபிப் பெண்கள் செய்த பணி

இது இழிவான வேலை என்று நினைப்பவர்கள் யாரெல்லாம் இதனைச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களுடைய மகளார் ஸைனப் (ரழி) அவர்கள் வபாத்தானார்கள். அவர்களைக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருவர் மதீனாவைச் சேர்ந்த உம்மு அதிய்யா (ரழி) அவர்கள். மூன்று தடவை, ஐந்து தடவை, தேவையானால் அதற்கும் மேலாக, ஒற்றைப்பட எண்ணிக்கையில் குளிப்பாட்டும்படியும், தண்ணீருடன் இலந்தை இலையைச் சேர்க்கும்படியும், கடைசித் தடவையில் கற்பூரம் கலக்கும்படியும் நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். வலப்புறத்தைக் கொண்டும் வுழூச் செய்யும் உறுப்புகளைக் கொண்டும் தொடங்கச் சொன்னார்கள். முடிந்ததும் தமது வேட்டியைக் கொடுத்து, அதனை மகளாரின் உடலோடு ஒட்டியதாகச் சுற்றும்படி கூறினார்கள். அப்பெண்கள் தலைமுடியை மூன்று பின்னல்களாகப் பின்னிப் பின்புறம் போட்டார்கள்.

இன்று உங்கள் ஊர் மாமி குளிப்பாட்டும் முறை அநேகமாக இந்த ஒரே ஹதீஸிலிருந்து வந்ததுதான். உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் பிற்காலத்தில் பஸராவுக்குச் சென்றபோது அங்கிருந்த அறிஞர்கள் மையித்தைக் குளிப்பாட்டும் சட்டத்தை அவரிடமிருந்தே கற்றார்கள். ஒரு பெண்ணிடமிருந்து ஆண்கள் கற்றுக் கொண்ட பாடம் இது!

அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். தம் கணவர் அபூபக்கர் (ரழி) அவர்களைக் குளிப்பாட்டியவர் அவரே. ஃபாத்திமா (ரழி) அவர்கள் தமது இறுதிக் காலத்தில், பெண்ணின் மையித்தின் மேல் ஒரு துணியை மட்டும் போட்டு எடுத்துச் செல்வதால் உடலின் அமைப்பு வெளியில் தெரிகிறதே என்று கவலைப்பட்டார்களாம். அஸ்மா (ரழி) அவர்கள் ஹபஷாவில் தாம் கண்டதை நினைவில் வைத்து, பச்சை ஈச்ச மட்டைகளை வளைத்து மேலே துணி போர்த்திக் காட்டியதாக அறிவிப்புகளில் வருகிறது. பெண்ணின் மையித்தை மறைப்பாக எடுத்துச் செல்லும் வழக்கத்தின் பின்னால் இந்தப் பெண்ணின் யோசனை இருக்கிறது.

ஏன் பின்வாங்குகிறோம்?

முதற் காரணம் பயம். இரவில் தூக்கம் வராது, கனவில் வரும் என்கிறோம். பிறர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பயம் இது. பிள்ளைப் பருவத்தில் நம்மைக் குளிப்பாட்டித் தலை சீவி விட்ட கைகளை நாம் ஒரு தடவை கழுவி விடுவதில் பயப்பட என்ன இருக்கிறது? முதல் தடவை நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அன்று தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவராக மட்டும் நில்லுங்கள். அடுத்த தடவை கை தானாக முன்வரும்.

இரண்டாவது, மாதவிடாய்க் காலத்தில் செய்யக் கூடாது என்ற எண்ணம். இது தவறான விளக்கம். மாதவிடாய்ப் பெண்ணும் மையித்தைக் குளிப்பாட்டலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். கர்ப்பிணிப் பெண் மையித்தைப் பார்க்கவே கூடாது என்று சொல்வதற்கும் மார்க்கத்தில் ஆதாரமில்லை. பாரம் தூக்காமல் இருப்பது மட்டும் அவரது உடல்நலத்துக்கு நல்லது.

மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல நமக்குக் கூச்சம். இது ஏழைப் பெண்ணின் வேலை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். குளிப்பாட்டி முடித்தவருக்குப் பின்வாசலில் வைத்துச் சுருட்டிய நோட்டைக் கையில் திணிக்கிறோம். மௌத்தானவரின் பழைய உடுப்புகளைக் கொடுத்து அனுப்புகிறோம். கலியாண வீட்டில் அவரைக் கண்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நிலைமை இப்படியிருக்கையில், எந்தத் தாய் தன் மகளை இதனைப் பழக அனுப்புவாள்?

வேலை என்ன?

நல்ல கையும் பொறுமையும் உள்ள எவரும் பழகக் கூடிய வேலைதான். மூன்று அல்லது நான்கு பேர் போதும். கூட்டம் கூடாது. அறையை மூடி, கதவுக்கும் ஜன்னலுக்கும் சீலை கட்டி மறைப்பது முதல் வேலை. தேவையில்லாத எவரும் உள்ளே நிற்கலாகாது.

வேண்டிய பொருட்கள்: இரண்டு வாளி, ஒரு கோப்பை, சவர்க்காரம், கிடைத்தால் இலந்தை இலைத் தூள், கற்பூரம், பஞ்சு, கையுறைகள், கையில் சுற்றிக் கொள்ளச் சில துணித் துண்டுகள், அகலமான பல் உள்ள சீப்பு, இரண்டு துவாய், கத்தரிக்கோல், மையித்தை மறைக்கக் கனமான சீலை. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடல் தெரியும். ஆகவே கடும் நிறச் சீலையே சிறந்தது.

காப்பு, மோதிரம், மூக்குத்தி, கட்டுப் பல் ஆகியவற்றைக் கழற்றி, எண்ணி, இரண்டு பேர் சாட்சியாக வாரிசுகளிடம் ஒப்படையுங்கள். பின்னர் எந்தச் சந்தேகமும் வராது. நகப்பூச்சு இருந்தால் நீக்கி விடுங்கள், தண்ணீர் சேர வேண்டுமல்லவா?

பிறகு தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வயிற்றை மெதுவாகத் தடவி, உள்ளிருப்பது வெளியேறச் செய்ய வேண்டும். அழுத்தக் கூடாது. துணி சுற்றிய கையால் சீலைக்குள்ளாகவே அசுத்தத்தைக் கழுவ வேண்டும். அந்தத் துணியை வீசி விட்டு வேறு துணியால் பல்லையும் மூக்குத் துவாரத்தையும் துடைத்து, வுழூச் செய்விக்க வேண்டும். அடுத்துத் தலையைக் கழுவி முடியைச் சிக்கெடுக்க வேண்டும். கழன்று வரும் முடியைக் கபனுக்குள்ளேயே வைத்து விடுவார்கள். பிறகு வலப்புறம், பிறகு இடப்புறம். முதலில் சவர்க்காரத் தண்ணீர், அடுத்து அதனைப் போக்கும் வெறுந் தண்ணீர், கடைசியில் சிறிது கற்பூரம் கலந்த சுத்தத் தண்ணீர். உடல் முழுவதும் ஒரு தடவை தண்ணீர் சேர்வதே கட்டாயம். மற்றவை ஸுன்னத். துவாயால் ஒற்றியெடுத்து, முடியை மூன்றாகப் பின்னிப் பின்னால் போட வேண்டும்.

பெண்ணின் கபன் ஐந்து துண்டுகள்: இடுப்புத் துணி, சட்டை, முக்காடு, உடல் முழுவதையும் சுற்றும் இரண்டு துணிகள். வெட்டுவதற்கு முன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து கொள்ளுங்கள். தலைக்கும் காலுக்கும் அப்பால் முடிச்சுப் போட இடம் வேண்டும். இந்த வெட்டும் வேலையை வீட்டில் பழைய சீலை ஒன்றை வைத்தே பழகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றிருக்கிறது. வாயைக் காப்பது! மையித்தில் நல்லதைக் கண்டால் சொல்லலாம். குறையைக் கண்டால் அது அந்த அறையோடு முடிந்து விட வேண்டும். மையித்தைக் குளிப்பாட்டிக் குறையை மறைத்தவருக்கு அல்லாஹ் நாற்பது தடவை மன்னிப்பளிப்பான் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. உடலில் இருந்த தழும்பு, நோயின் கோலம், முகத்தின் நிறம் எதுவும் நாளை அடுத்த வீட்டுப் பேச்சாகக் கூடாது. வாய் காக்கத் தெரியாதவர் எவ்வளவு கெட்டிக்காரியாயினும் இந்தப் பணிக்கு வேண்டாம்.

இன்றைய காலத்துக்குரிய அறிவு

முன்பு பெரும்பாலும் வீட்டில், கட்டிலில் மௌத்தானார்கள். இன்று கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ உயிர் பிரிகிறது. கையில் ஊசிக் குழாயும், சிறுநீர்க் குழாயும், புண்ணில் கட்டும் இருக்கலாம். இவற்றை அகற்றித் தரும்படி வாட்டிலேயே தாதியிடம் பணிவாகக் கேட்டுக் கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்த பின் இழுத்தெடுத்தால் இரத்தம் நிற்காமல் கசியும்.

திடீர் மௌத்து என்றால் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும். பிரேதப் பரிசோதனை தேவைப்படலாம். சுணங்குகிறதே என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. பரிசோதனை முடிந்த மையித்தில் தையல் இருக்கும். அதன் மேல் பஞ்சு வைத்து, நீர் புகாதபடி ஒட்டி, மெல்லத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிரசவத்தில் மௌத்தான பெண்ணுக்கும் இரத்தக் கசிவை நிறுத்தப் பஞ்சும் கட்டும் தேவை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் அங்கே மௌத்தாகி, மருந்தேற்றி மூடிய பெட்டியில் கட்டுநாயக்காவில் வந்திறங்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அத்தகைய பெட்டியைத் திறக்கலாமா, குளிப்பாட்டப்பட்டு விட்டதா என்பதைக் கடிதங்களைப் பார்த்து அறிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

நான்கு மாதம் நிறைந்த பின் உயிரின் அடையாளமின்றிப் பிறக்கும் சிசுவையும் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஆஸ்பத்திரியில் அதனை விட்டு விட்டு வந்து காலமெல்லாம் மனம் நோகும் தாய்மார் உண்டு. இந்தச் சட்டம் தெரிந்த ஒரு பெண் அருகில் இருந்தால் அந்த நோவு இராது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பலர் மண்ணுக்குள் போனார்கள். இப்படியான வேளைகளில் மீட்கப்படும் உடல், தண்ணீர் பட்டால் சிதைந்து விடும் நிலையில் இருந்தால், குளிப்புக்குப் பதிலாகத் தயம்மும் செய்விக்கலாம். எப்போது தண்ணீர், எப்போது தயம்மும் என்று முடிவெடுக்க அறிவு வேண்டும். அதனை நெருக்கடி நேரத்தில் தேடிக் கொண்டிருக்க முடியாது.

உங்கள் உடல்நலமும் அமானிதமே. கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்று விலகி நில்லுங்கள். கையுறை, முகக்கவசம், நீர் புகாத மேலங்கி அணியுங்கள். ஹெபடைட்டிஸ் பீ நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. அடிக்கடி இப்பணிக்குப் போகிறவர்கள் வைத்தியரிடம் கேட்டு அதனைப் போட்டுக் கொள்வது நல்லது. முடிந்ததும் குளித்து விடுங்கள். அது ஸுன்னத்தும் கூட.

கை கட்டி நின்ற நாட்கள்

இந்தக் கடமையின் அருமையை நமது நாட்டு முஸ்லிம்கள் அறிந்த ஒரு காலம் உண்டு. கொரோனாத் தொற்றில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. புதைக்கவும் எரிக்கவும் இடமுண்டு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக இருந்தது. ஆனால் இங்கே குளிப்பாட்டவும் வழியில்லை, கபனிடவும் வழியில்லை, அடக்கவும் வழியில்லை. 2020 டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு பாலகனும் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்கள, தமிழ்ச் சகோதரர்களும் கட்டினார்கள். அந்த வெள்ளைத் துணி நமக்குக் கபனைத்தான் நினைவூட்டியது.

2021 பெப்ரவரி 25இல் அடக்குவதற்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் மையித்துகள் அடக்கப்பட்டன. கண்டியிலிருந்து எத்தனையோ மைல் தொலைவில்! 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்நாட்களில் உம்மாவின் உடலைத் தொட்டுக் கழுவ முடியவில்லையே என்று நமது வீடுகளில் எத்தனை பெண்கள் துடித்தார்கள்! இன்று தடையில்லை. கதவு திறந்திருக்கிறது. இப்போது உள்ளே போக நாமே தயங்கினால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

இதனை ஒரு தொழிலாகச் செய்யலாமா?

நகரங்களிலுள்ள மலர்ச்சாலைகளில் பிரேதத்துக்கு மருந்தேற்றி அலங்கரிப்பவர்கள் அதனை ஒரு தொழிலாகப் பயின்று செய்கிறார்கள். துருக்கியில் மையித்தைக் குளிப்பாட்டுபவரைக் கஸ்ஸால் என்று அழைக்கிறார்கள். நகரசபைகள் ஆண் மையித்துக்கு ஆணையும் பெண் மையித்துக்குப் பெண்ணையும் சம்பளம் கொடுத்து நியமிக்கின்றன. நமது மத்ஹபிலும் குளிப்பாட்டுவதற்குக் கூலி பெறத் தடையில்லை. நன்மை நாடி இலவசமாகச் செய்வது மேலானது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்குக் கஷ்டப்படும் ஒரு பெண் கூலி பெற்றால் அதில் குறை காண நாம் யார்?

குளிப்பாட்டல், கபன், கபுறு ஆகியவற்றின் நியாயமான செலவு, மௌத்தானவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து வஸிய்யத்துக்கும் வாரிசுப் பங்குக்கும் முன்பாக எடுக்கப்பட வேண்டியது. மனைவியின் செலவு கணவன் மீதுள்ளது. ஆகவே அது பின்வாசலில் கொடுக்கும் பிச்சையல்ல, அவருக்குரிய உரிமை. பள்ளிவாசல் நிருவாகிகள் இதற்கென ஒரு தொகையைத் தீர்மானித்து, போக்குவரத்துச் செலவுடன் தங்கள் கையாலேயே கொடுப்பார்களாயின் இரு தரப்புக்கும் மரியாதையாக இருக்கும். ஏழை வீட்டு மையித்துக்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊரில் குளிப்பாட்டும் மாமியிடம் இந்த வாரமே போங்கள். வெறுங்கையோடு போகாமல் பலகாரம் ஏதும் கொண்டு போங்கள். அடுத்த ஜனாஸாவில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க என்னையும் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். அவர் மகிழ்ந்து போவார்.

உங்கள் தெருவில் நால்வரைச் சேருங்கள். திருமணமானவர், ஆகாதவர், ஆசிரியை, தையல்காரி யாராக இருந்தாலும் சரி. ஆலிமா ஒருவரை அழைத்து, ஒரு பெரிய பொம்மையையோ தலையணையையோ வைத்து ஒரு பகற்பொழுது பழகுங்கள். சட்டத்தில் சந்தேகம் வந்தால் ஜம்இய்யத்துல் உலமாவின் ஊர்க் கிளையில் கேளுங்கள். ஒரு தாதிச் சகோதரி இருந்தால் தொற்றிலிருந்து காத்துக் கொள்ளும் முறையை அவர் சொல்லித் தரட்டும்.

கபன் புடவை, கற்பூரம், பஞ்சு, கையுறை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பள்ளியிலோ ஒரு வீட்டிலோ வையுங்கள். நால்வரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிப் பள்ளிவாசலில் கொடுங்கள். பாதி இரவில் கொழும்பிலிருந்து மையித்து வந்தாலும் ஒருவராவது கிடைப்பார்.

உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாளா? சமைக்கப் பழக்குகிறோம், தைக்கப் பழக்குகிறோம். கபன் துணி அளப்பதையும் பழக்கி விடுங்கள். ஒரு நாள் அவள் உங்களுக்கே அதனைச் செய்ய நேரிடும். அன்று அவள் கதவுக்கு வெளியே நிற்காமல், பிஸ்மி சொல்லி உள்ளே வந்து, உங்கள் தலைமுடியைத் தன் கையால் மூன்றாகப் பின்னி விடட்டும்.

அந்த நஸீபை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.